தலைக்கு மேல் ஐந்து சென்டிமீட்டர்

ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு என் திறந்த காரின் ஓட்டுநர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெளியே நின்ற மனைவி ஒரு துடைப்பக் கட்டையை எடுத்தாள். அதன் ஒரு முனையை முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல் விளிம்பில் வைத்தாள். மறுமுனையை இருக்கைக்குப் பின்னால் நான் நிறுத்தியிருந்த மரச்சட்டத்தின் மேல் கிடத்தப் பார்த்தாள். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் எஃகு வளைவான ரோல் பார் வரப்போகும் உயரத்துக்கு வெட்டிய மரச்சட்டம் அது. கட்டை அங்கே போய்ச் சேரவில்லை. “உன் தலையில் இடிக்கிறது. ஒரு விரல் தடிமனுக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறது” என்றாள்.

ஹெல்மெட்டுக்கும் கட்டைக்கும் நடுவே குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் காலியாக இருக்க வேண்டும். என் ஹெல்மெட்டோ கட்டை படிய வேண்டிய கோட்டுக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. ஆக, ஏழு சென்டிமீட்டர் கீழே இறங்க வேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க நான் செய்த வேலைக்கு இந்த ஏழுதான் தொடக்கம்.

திறந்த காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் இந்தச் சோதனை தெரியும். கார் கவிழ்ந்தால் தரையில் ஊன்ற இரண்டே இடங்கள்தான் உண்டு: முன்கண்ணாடிச் சட்டமும் ரோல் பாரின் உச்சியும். இரண்டையும் இணைக்கும் கோட்டுக்குக் கீழே தலை இருந்தால் பிழைக்க வழி உண்டு. கோட்டுக்கு மேலே இருந்தால், காரின் எடையைத் தாங்கும் மூன்றாவது தூண் நம் கழுத்துதான். அடிபடும்போது உடல் பெல்ட்டில் சற்று நீண்டு எழும்; முன்கண்ணாடிச் சட்டமும் கொஞ்சம் மடங்கும். அந்த ஐந்து சென்டிமீட்டர் அதற்காக விட்டு வைப்பது.

கார் 2000ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5. 1998இல் வந்த இரண்டாம் தலைமுறை. 1.8 லிட்டர் இன்ஜின், பின்சக்கர இயக்கம், மடித்துவைக்கும் துணிக்கூரை, ஒரு டன்னை ஒட்டிய எடை. வேகத்துக்குப் பெயர் போன கார் அல்ல. ஆனால் வளைவுக்குள் நுழையும்போது நான்கு டயர்களும் என்ன நினைக்கின்றன என்பதைக் கைக்கும் இடுப்புக்கும் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் கார் வேறொன்றை நான் ஓட்டியதில்லை. நான் கோவையில் அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்தவன். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயின் வேலியோரம் நின்று பார்த்த காலத்திலிருந்தே இந்த ஆசை இருந்தது. கனடா வந்து, ஸ்கார்பரோவில் ஒரு கார் மட்டும் நிற்கும் அளவுக்குக் கொட்டகையோடு வீடு அமைந்த பிறகுதான் நிறைவேறியது.

எங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் தடம், போமன்வில் அருகே உள்ள கனடியன் டயர் மோட்டார்ஸ்போர்ட் பார்க். பழையவர்கள் இன்றும் மோஸ்போர்ட் என்றுதான் சொல்கிறார்கள். 1961இல் திறந்தது. 3.957 கிலோமீட்டர், பத்து வளைவுகள், மேடும் பள்ளமுமான நிலத்தின் மேல் அப்படியே விரித்த பாய் போன்ற பாதை. முதல் ஆண்டே அங்கே வந்து வென்ற பிரிட்டிஷ் ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸின் பெயரில்தான் ஐந்தாம் வளைவு இருக்கிறது. 1977 வரை கனடா கிராண்ட் பிரீ பந்தயங்கள் பலமுறை அங்கே நடந்திருக்கின்றன. இரண்டாம் வளைவு, மேட்டைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாத இறக்கத்தில் இடப்பக்கம் திரும்புவது. 1985 ஆகஸ்டில் ஆயிரம் கிலோமீட்டர் பந்தயத்தின்போது ஜெர்மானிய ஓட்டுநர் மான்ஃபிரெட் விங்கல்ஹாக் உயிரிழக்கக் காரணமான விபத்து அந்த வளைவில்தான் நேர்ந்தது. முதல் பருவத்தில் பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, தொழிற்சாலை இருக்கையோடும் பெல்ட்டோடும் மெதுவான குழுவில் நான் ஓட்டினேன். இரண்டாம் வளைவில் ஒவ்வொரு முறையும் வலது முழங்காலை நடுச்சுரங்க மேட்டிலும் இடது முழங்காலைக் கதவிலும் முட்டுக்கொடுத்துத்தான் இருக்கையில் நிற்க முடிந்தது. ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டிய கைகள், விழாமல் இருக்க அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. குழுவில் மேலே போக வேண்டுமென்றால் காரின் உள்பக்கத்தை மாற்றாமல் முடியாது என்று அங்கேயே முடிவுசெய்தேன்.

பாதுகாப்புப் பொருட்களை ஒவ்வொன்றாக, பணம் சேரச் சேர வாங்கிப் போடலாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன். அது தவறு என்று இந்த வேலை எனக்குக் கற்றுக்கொடுத்தது. பாதிச் சங்கிலி, சங்கிலியே இல்லாததைவிட ஆபத்து. தோள்களையும் இடுப்பையும் இருக்கையோடு இறுக்கிக் கட்டும் ஹார்னஸ் பெல்ட்டை மட்டும் போட்டால், கார் கவிழும்போது உடல் பக்கவாட்டில் சாயக்கூட வழியில்லாமல் நிமிர்ந்தபடி கட்டுண்டு கிடக்கும். மேலே தாங்க ரோல் பார் இல்லையென்றால் நசுங்கும். ரோல் பாரை மட்டும் போட்டால், தலைக்குப் பின்னால் ஓர் எஃகுக் குழாய் வந்து உட்காருகிறது. தளர்ந்து பின்னால் வளையும் சாதாரண இருக்கையில், ஹெல்மெட் இல்லாமல் சாலையில் போகும்போது பின்னாலிருந்து ஒருவர் இடித்தால் மண்டை அதில் மோதும். ரோல் பாரும் ஹார்னஸும் போட்டு, தலை முன்னால் வீசப்படாமல் பிடிக்கும் கழுத்துக் காப்பை விட்டால், மார்பு நின்றுவிடும், தலை நிற்காது. தொழிற்சாலை இருக்கையில் தொடைகளுக்கு நடுவே வரும் பெல்ட்டுக்குத் துளை இல்லை. அந்தப் பெல்ட் இல்லாவிட்டால், தோள் பெல்ட்டுகள் இழுக்கும்போது இடுப்புப் பட்டை எலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். உடல் அதற்கு அடியில் வழுக்கும். தொழிற்சாலை செய்து தந்த மூன்றுமுனைப் பெல்ட்டும் ஏர்பேக்கும் தங்களுக்குள் ஒரு முழுமை. அதிலிருந்து ஒன்றை எடுத்தால் எல்லாவற்றையும் எடுத்துப் புதிய முழுமையாகக் கட்டியாக வேண்டும்.

நவம்பர் கடைசியில் காரை உள்ளே விட்டேன். இந்தக் காரில் பேட்டரி பின்பெட்டியில் இருக்கிறது. அதை முதலில் கழற்றினேன். பிறகு இருக்கைகள். 14 மி.மீ. தலையுள்ள நான்கு போல்ட்டுகள்தான், எளிதாக வரும். அடுத்து கார்ப்பெட், இருக்கைக்குப் பின்னால் பெல்ட் தூண்களை மூடிய பிளாஸ்டிக், பின்மேடையின் விரிப்பு. துணிக்கூரையின் அடியில் மழைநீரை வாங்கி ஓரங்களுக்கு அனுப்பும் ஒரு பிளாஸ்டிக் வாய்க்கால் இருக்கிறது. வரிசையாக 10 மி.மீ. நட்டுகள் அதைப் பிடித்திருக்கின்றன. அவற்றைக் கழற்றினால்தான் கூரையை முன்னால் தூக்கி, பாரை உள்ளே நுழைக்க இடம் கிடைக்கும்.

வாய்க்காலின் இரு முனைகளிலும் நீர் வடியும் குழாய்கள் உண்டு. ஓட்டுநர் பக்கத்துக் குழாய் இலையும் மண்ணும் அடைத்து இறுகியிருந்தது. ஒரு நெகிழ்வான கம்பியை விட்டுக் குடைந்தபோது ஒரு தேநீர்க் குவளை அளவுக்குக் கறுப்பு நீர் இறங்கியது. அது எங்கே தேங்கியிருந்தது என்று பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் சட்டத்தின் கடைசி முழம் உள்ளிருந்தே துருப்பிடித்திருந்தது. வெளியே பெயின்ட் ஒரு கொப்புளம்தான் விட்டிருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினேன், உள்ளே போய்விட்டது.

ஒன்டாரியோவில் பனிக்காலச் சாலையில் கொட்டும் உப்பு இந்த மாடலை இங்கேதான் தின்னும் என்று எல்லோரும் சொல்வார்கள். இருந்தும், பாரைப் பொருத்துவதற்கு முன்னால் நான் அதைத் தேடிப் பார்த்திருக்கவில்லை. ரோல் பாரின் கால் ஊன்றும் இடம் துருப்பிடித்த சட்டத்திலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. பார் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் என்ன பயன்? அது நிற்பது ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தகட்டின் மேல். அந்தத் தகடு நல்ல நிலையில் இல்லாவிட்டால் பார் காரைத் தாங்காது, தரையைக் குத்திக்கொண்டு கீழே போகும்.

வெல்டிங் என் கைக்கு வசப்படாத வேலை. அதை நான் பழகிப் பார்க்கும் இடம் இது அல்ல. நகரத்தின் கிழக்கே ஒரு சிறிய பட்டறையில் தகட்டு வேலை செய்யும் ஈழத்துப் பெரியவர் ஒருவரிடம் காரைக் கொண்டுபோனேன். அவர் சுத்தியலின் பின்முனையால் சட்டம் முழுக்கத் தட்டிக்கொண்டே வந்தார். ஒலி மாறும் இடங்களில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். “தம்பி, நீர் பார்த்தது கொப்புளம். வெட்ட வேண்டியது இந்தக் கோடு வரைக்கும்” என்றார். நான் நினைத்ததைப் போல மூன்று மடங்கு. வெட்டியபின் உள்சுவரைக் காட்டினார். வெளித்தகட்டுக்குப் பின்னால் இன்னொரு தகடு உண்டு, உண்மையில் எடையைத் தாங்குவது அதுதான். வெளியே மட்டும் ஒட்டுப் போட்டுப் பெயின்ட் அடிப்பவர்கள் அதைத் தொடுவதே இல்லை. அவர் இரண்டையும் வெட்டிப் புதுத்தகடு வைத்துப் பற்றவைத்தார். உள்ளே மெழுகுக் கலவையைப் பீய்ச்ச ஒரு துளையும் விட்டுத் தந்தார். இந்த வேலைக்கே மூன்று வாரம் போனது. இந்தத் திட்டத்தில் நான் செலவழித்த பணத்தில் மிகச் சரியாகச் செலவழிந்தது இதுதான் என்று நம்புகிறேன்.

நான் வாங்கியது ஹார்ட் டாக் நிறுவனத்தின் பார். 1.75 அங்குல விட்டமும் 0.120 அங்குலச் சுவரும் கொண்ட எஃகுக் குழாய், மூலைவிட்டமாக ஒரு தாங்குகுழாய், தோள் பெல்ட்டுகளைச் சுற்றிக் கட்டக் குறுக்கே ஒரு குழாய். பெட்டியைப் பிரித்த அன்று அதைக் காருக்குள் இறக்கி உட்காரவைக்கவே இரண்டு மணி நேரம் ஆனது. கூரைச் சட்டத்துக்கும் பாருக்கும் இடையே ஒரு விரல் நுழையும் இடைவெளிதான். கூரையின் பின்கண்ணாடி உண்மையான கண்ணாடி, பனி நீக்கும் சூட்டுக்கம்பிகள் உள்ளது. ஒரு கம்பளிப் போர்வையைச் சுற்றிவைத்துவிட்டுத்தான் பாரைத் தொட்டேன். இது இரண்டு பேர் செய்யும் வேலை. மனைவி கண்ணாடிப் பக்கம் நின்று “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், நிறுத்து” என்று சொல்லச் சொல்ல இறக்கினேன்.

துளை போடுவதுதான் மனத்தைக் கலங்கடிக்கும் கட்டம். இந்தக் காரில் பெட்ரோல் தொட்டி இருக்கைகளுக்குப் பின்னால், பின்மேடைக்கு நேர் கீழே இருக்கிறது. பின்மேடையில் போல்ட்டுகளால் பிடித்த ஓர் எஃகு மூடி உண்டு. அதைத் திறந்து, தொட்டி எங்கே முடிகிறது, பெட்ரோல் ஊற்றும் குழாய் எந்த வழியாக இறங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்து, மேலே மார்க்கரால் வரைந்துகொண்டேன். அதன் பிறகு காரைத் தாங்கிகளின் மேல் ஏற்றி, அடியில் படுத்து, பிரேக் குழாய்களின் பாதையையும் குறித்தேன். பார் உட்கார்ந்த நிலையிலேயே அதன் பாதத் துளைகளின் வழியே தகட்டில் வட்டம் போட்டேன். பாரை அகற்றி சென்டர் பஞ்ச்சால் குத்தி, மூன்று மி.மீ. துளையில் தொடங்கினேன்.

அப்பாவிடம் கைப்பேசியில் காட்டினேன். “அளந்துதான் துளை போடுகிறாயா கண்ணு?” என்று கேட்டார். பிறகு அவர் சொன்ன ஒன்று இந்த வேலையைக் காப்பாற்றியது. ட்ரில் பிட்டில் ஒரு சின்ன மரக்கட்டையைச் செருகி, நுனி மட்டும் ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி விடச் சொன்னார். தகடு விட்டுக்கொடுக்கும் நொடியில் கையின் அழுத்தம் பிட்டை உள்ளே தள்ளும். மரக்கட்டை தகட்டில் முட்டி அதை நிறுத்திவிடும். பட்டறையில் தண்ணீர்த் தொட்டிகளுக்குத் துளை போடும்போது அவர் அப்படித்தான் செய்வாராம். எட்டுத் துளைகள் போடும்வரை அந்தக் கட்டையை நான் கழற்றவில்லை.

மூன்று, ஆறு, பத்தரை என்று படிப்படியாகப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு துளையின் ஓரத்தையும் அரத்தால் மழுக்கி, துத்தநாக ப்ரைமர் தடவினேன். தூள் விழுந்த இடங்களை வாக்குவம் கொண்டு இரண்டு முறை உறிஞ்சினேன். கார்ப்பெட்டுக்கு அடியில் தங்கும் இரும்புத்தூள் ஒரு வாரத்தில் துருவாகிவிடும். பாரின் பின்கால்கள் சக்கர வளைவின் மேல் ஊன்றுகின்றன. அடியிலிருந்து, சக்கரத்துக்கு மேலே உள்ள குழிக்குள் கையை விட்டு, தாங்குதகட்டை வைத்து நட்டை முறுக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றாமல் இது முடியாது. பாதம், கார்த் தகடு, தாங்குதகடு மூன்றும் ஒட்டி நிற்கும் இடங்களில் தண்ணீர் புகாத பசை தடவினேன். 8.8 தர எம்10 போல்ட்டுகளை 45 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ஸ்பேனரால் இறுக்கினேன். ஒவ்வொரு நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்தேன். நட்டு அசைந்தால் கோடு முறியும்.

பாரைச் சுற்றி ஒட்டும் நுரைக்குழாயில் ஒரு ஏமாற்றம். ஒரு கடை எனக்கு அனுப்பியது விரலால் அழுத்தினால் பஞ்சுபோல் அமுங்கும் சாதாரண நுரை. குளிர்சாதனக் குழாய்க்குச் சுற்றும் பொருள் அது. நமக்கு வேண்டியது எஸ்எஃப்ஐ 45.1 என்ற பந்தயப் பாதுகாப்புத் தர எண்ணை அச்சிட்டு வரும் கெட்டி நுரை. கட்டைவிரலால் முழு பலத்தோடு அழுத்தினாலும் லேசாகத்தான் பள்ளம் விழும். அது ஹெல்மெட் அணிந்த தலைக்காகச் செய்தது. வெறும் தலைக்கு அதுவே கிட்டத்தட்டக் கல். இதை நினைவில் வைத்துத்தான், இந்தக் காரை இனி அன்றாடப் பயணத்துக்கு எடுப்பதில்லை, தடத்துக்குப் போகவும் திரும்பவும் மட்டும்தான் என்று வீட்டில் முடிவானது.

இப்போது இருக்கை. அந்த ஏழு சென்டிமீட்டர்.

தொழிற்சாலை இருக்கையின் அடிநுரையை வெட்டி எடுத்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் தாழ்த்துபவர்கள் உண்டு. எனக்கு அது போதாது. முதுகு வளையாத பந்தய இருக்கைதான் தேவை. ஆனால் இந்தக் காரின் உள்ளகலம் கஞ்சத்தனமானது. ஒரு பக்கம் நடுச்சுரங்கம், இன்னொரு பக்கம் கதவுச் சட்டம், இரண்டுக்கும் நடுவே இருக்கையும் அதன் பக்கத் தாங்கிகளும் அடங்க வேண்டும். அட்டைப்பெட்டியை வெட்டி, இருக்கையின் முன்னோட்ட வடிவம் ஒன்று செய்து உட்காரவைத்துப் பார்த்த பிறகுதான் ஸ்பார்கோ ஸ்ப்ரின்ட் வாங்கினேன். எஃகுக்குழாய்ச் சட்டம், உலக மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்ஐஏவின் 8855-1999 தர முத்திரை. அந்த முத்திரைக்கு உற்பத்தி ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டுதான் ஆயுள். ஆகவே பழையது மலிவாகக் கிடைத்தாலும் முத்திரையில் உள்ள ஆண்டைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

முன்னும் பின்னும் நகர்த்தும் தண்டவாளத்தை விட்டுவிட்டேன். அது மட்டுமே இரண்டு, மூன்று சென்டிமீட்டரைத் தின்றுவிடும். அந்தக் காரை ஓட்டப்போவது நான் ஒருவன்தான். தரை சமமாக இல்லை. முன்பக்கம் குறுக்குவாட்டில் ஒரு மேடு, பின்பக்கம் பள்ளம். பக்கத் தாங்கிகள் 3 மி.மீ. எஃகு. எஃப்ஐஏ விதிப்படி நான்கு பிடிப்புகள், குறைந்தது 8 மி.மீ. போல்ட்டுகள், ஒவ்வொரு பிடிப்புக்கும் கீழே குறைந்தது 40 சதுர செ.மீ. பரப்பும் 3 மி.மீ. தடிமனும் உள்ள எதிர்த்தகடு. நான் பத்துக்கு ஆறு சென்டிமீட்டரில், 4 மி.மீ. தகட்டில் வெட்டினேன். மூலைகளை உருட்டிவிட்டேன், கூரான மூலை, அடிபடும்போது தரைத்தகட்டைக் கத்திபோல் கிழிக்கும்.

ஒரு சங்கடம் இங்கே எதிர்பாராமல் வந்தது. இந்தக் காரில் மூன்றுமுனைப் பெல்ட்டின் பூட்டு தரையில் இல்லை, கழற்றிய பழைய இருக்கையோடு போய்விட்டது. சாலையில் போகும்போது நான் அணிய வேண்டியது தொழிற்சாலைப் பெல்ட்தான். அதைக் கைவிடும் எண்ணமே இல்லை. பூட்டைக் கழற்றி, பக்கத் தாங்கியின் பின்போல்ட்டில் தனித் தகடு வைத்துப் பொருத்தினேன். முதல் முயற்சியில் பூட்டு இருக்கையின் இடுப்பு விளிம்புக்கு மேலே நின்றது. இடுப்புப் பட்டை உடலைத் தொடாமல் விளிம்பிலிருந்து விளிம்புக்குப் பாலம்போல் போனது. பார்வைக்குப் பெல்ட் போட்டதுபோல் இருக்கும், பிடிப்பு இருக்காது. பூட்டை இன்னும் கீழே இறக்கி, பட்டை இருக்கையின் பக்கத்துளை வழியாக நுழைந்து இடுப்பெலும்பின் மேல் படியும்படி செய்தேன். ஸ்டியரிங் ஏர்பேக்கையும் அப்படியே விட்டுவிட்டேன். சாலையில் ஓடும் வரை அது வேண்டும். அதன் மஞ்சள் நிற இணைப்புகள் எதையும் நான் தொடவில்லை.

மறுபடி துடைப்பக் கட்டை. இந்த முறை மரச்சட்டம் இல்லை, உண்மையான பாரின் மேல் படுத்தது. ஹெல்மெட்டுக்கும் கட்டைக்கும் நடுவே மனைவி அளவுகோலைச் செருகினாள். ஐந்தரை. நான் காரை விட்டு இறங்கி, மறுபடி ஏறி உட்கார்ந்து, இன்னொரு முறை அளக்கச் சொன்னேன். ஐந்தரைதான்.

பெல்ட் வேலையை எளிது என்று நினைத்திருந்தேன். மொத்த வேலையில் அதிகம் படிக்கவைத்தது அதுதான். ஆறுமுனை ஹார்னஸ், எஃப்ஐஏ 8853-2016. இடுப்புப் பட்டைகள் பக்கவாட்டில் 45 முதல் 65 டிகிரிச் சரிவில் கீழிறங்கித் தரையைப் பிடிக்க வேண்டும். பின்னோக்கிப் படுத்துவிட்டால் வயிற்றுக்கு ஏறும். பட்டைகளை இருக்கையில் கட்டவே கூடாது. இருக்கை பிய்ந்தால் அதோடு ஆளும் போவான். 7/16 அங்குல வளையப் போல்ட்டுகளைத் தரையில் இறக்கி, அடியில் எதிர்த்தகடு வைத்தேன். தோள் பெல்ட்டுகள் பாரின் குறுக்குக் குழாயைச் சுற்றி வருகின்றன. கழுத்துக் காப்பு அணிபவருக்கு அவை தோளிலிருந்து கிடையாகவோ, இருபது டிகிரிக்கு மிகாமல் தாழ்ந்தோ பின்னால் போக வேண்டும். அதிகம் தாழ்ந்தால், முன்னால் மோதும்போது பட்டை முதுகெலும்பைக் கீழ்நோக்கி நசுக்கும். இருக்கையைத் தாழ்த்தியபோது என் தோளும் தாழ்ந்துவிட்டது அல்லவா? அதனால் குறுக்குக் குழாய் இப்போது தோளைவிட மேலே போய்விட்டதோ என்று பயந்தேன். கோணமானி வைத்துப் பார்த்தேன். ஆறு டிகிரி கீழே. பயம் நீங்கியது.

தோள் பெல்ட்டுகள் நேராகப் பின்னால் போகாமல் சற்று உள்நோக்கிக் குவிய வேண்டும் என்பதையும், மூன்று குறுக்குக்கம்பி கொண்ட கொக்கியில் பட்டையின் நுனியைத் திருப்பி மறுபடி கோத்தால்தான் வழுக்காது என்பதையும் கையில் வைத்துச் செய்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். முதலில் கோத்தபோது ஒரு திருப்பம் விட்டுப்போயிற்று. முழு எடையோடு இழுத்துப் பார்த்ததில் ஒரு சென்டிமீட்டர் நழுவியது. கழற்றி மறுபடி கோத்தேன்.

கழுத்துக் காப்பைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். ஹான்ஸ் என்ற இந்தக் கருவியை உருவாக்கியவர்கள் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிர்இயக்கவியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஹப்பர்டும், அவருடைய மைத்துனரான பந்தய ஓட்டுநர் ஜிம் டவுனிங்கும். அவர்களுடைய நண்பர் பேட்ரிக் ஜாக்மார்ட் 1981இல் மிட்-ஒஹையோ தடத்தில் இறந்தது அதற்குத் தூண்டுதல். உடல் பெல்ட்டில் நின்றது, தலை நிற்கவில்லை, மண்டையோட்டின் அடி முறிந்தது. தோளின் மேல் உட்காரும் ஒரு நுகத்தடி, அதிலிருந்து ஹெல்மெட்டின் இருபக்கமும் கட்டும் இரண்டு கயிறு, அவ்வளவுதான் கருவி. அது பரவலாக ஏற்கப்பட இருபது ஆண்டுகள் ஆயின. அசௌகரியம் என்று ஓட்டுநர்கள் ஒதுக்கினார்கள். 2001 பிப்ரவரி 18 அன்று டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் அமெரிக்க ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் அதே வகைக் காயத்தால் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்கார் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. 2003இல் ஃபார்முலா ஒன் கட்டாயமாக்கியது. இதையெல்லாம் தெரிந்த பிறகும் ஹார்னஸ் வாங்கிவிட்டுக் கழுத்துக் காப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கிறது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், தொழிற்சாலைப் பெல்ட்டோடு இன்னொரு பருவம் மெதுவாக ஓட்டுங்கள்.

மார்ச்சில், எல்லாம் முடிந்தது என்று எண்ணி ஏற்பாட்டாளர்களின் விதிப்புத்தகத்தை மறுபடி படித்தேன். ஓட்டுநருக்கு உள்ள கட்டமைப்பு பயிற்றுநருக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒரு வரி. முதல் வாசிப்பில் அது என் கண்ணில் படவே இல்லை. அது நியாயமான விதி. நான் ஆறு பட்டைகளுக்குள் பத்திரமாக இருக்க, பக்கத்தில் எனக்குக் கற்றுத்தருபவர் மூன்றுமுனைப் பெல்ட்டோடு உட்காருவதை நானும் ஏற்க மாட்டேன். இன்னொரு இருக்கை, இன்னொரு ஹார்னஸ், இன்னும் எட்டுத் தகடுகள். மொத்தச் செலவு காரின் விலையில் பாதியைத் தாண்டியது. ஆனால் இரண்டாவது பக்கம் ஒரே வார இறுதியில் முடிந்தது. கைக்கு வழி தெரிந்துவிட்டது. பயிற்றுநர்கள் வெவ்வேறு உயரத்தில் வருவார்கள் என்பதால் அந்தப் பக்கம் மட்டும் தண்டவாளம் வைத்தேன்.

தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்டும்படி, பயணி இருக்கையின் முன்தாங்கியில். பிடிகொக்கி முழுக்க உலோகம். பிளாஸ்டிக் கொக்கியில் வைத்தால் விபத்தில் அதுவே பறந்துவந்து அடிக்கும்.

மே மாதம் முதல் ஓட்டம். காலை ஏழு மணிக்குப் பரிசோதகர் காரின் பக்கத்தில் மண்டியிட்டார். பாரையும் இருக்கையையும் ஆட்டிப் பார்த்தார், முத்திரைகளின் ஆண்டைப் படித்தார், வளையப் போல்ட்டுகளில் மாட்டிய கொக்கிகளைத் திருப்பினார். கொக்கிகளில் ஒன்றில் பாதுகாப்பு ஊசி இல்லை. கொக்கி தற்செயலாக விரிந்துவிடாமல் தடுக்கும் சின்னக் கம்பி அது. என் கருவிப்பெட்டியில் இருந்தது. அவர் பார்க்கப் பார்க்கச் செருகினேன். பிறகு ஒரு நீண்ட அலுமினியக் கம்பியை எடுத்து வந்து பாருக்கும் முன்கண்ணாடிக்கும் நடுவே வைத்தார். விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுச்சீட்டைக் கண்ணாடியில் ஒட்டினார்.

இரண்டாம் வளைவில் முழங்கால்களுக்கு வேலையில்லை. கைகள் லேசாக ஸ்டியரிங்கின் மேல் கிடந்தன. இறக்கத்தில் பின்டயர்கள் சற்றே வழுக்கத் தொடங்குவது, முன்பெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் தெரியும். இப்போது தொடங்கும்போதே இடுப்பு சொன்னது. தாழ்ந்து உட்கார்ந்ததால் மேட்டுக்கு அப்பால் பார்வை கொஞ்சம் குறைந்துவிட்டது. வலதுபக்கச் சுவரில் ஒரு வெள்ளைக் கோட்டைக் குறியாக வைத்துக்கொள்ளும்படி பயிற்றுநர் சொன்னார். மதியத்துக்குள் அது பழகிவிட்டது. தாழ்ந்த இருக்கையில் ஸ்டியரிங் உயரமாகத் தெரிகிறது, இந்தக் காரில் அதைத் தாழ்த்த வழியில்லை. அதற்கு முதுகுக்குப் பின்னால் ஒரு மெல்லிய நுரைத்திண்டு வைத்துப் பார்க்கப் போகிறேன்.

வீட்டுக்கு வந்த இரவே கார்ப்பெட்டை விலக்கி, டார்ச் விளக்கில் மஞ்சள் கோடுகளைப் பார்த்தேன். பாரின் இடப்பக்கப் பின்காலில் இரண்டு கோடுகள் முறிந்திருந்தன. பெயின்ட்டும் பசையும் நசுங்கிப் படிந்ததில் வந்த தளர்ச்சி. ஏறக்குறைய எட்டில் ஒரு சுற்று. சக்கரத்தைக் கழற்றி, 45க்கு மறுபடி இறுக்கி, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வெள்ளையில் இழுத்தேன். மற்ற கோடுகள் எல்லாம் அப்படியே இருந்தன. அடுத்த ஓட்டம் ஜூன் இரண்டாம் வாரம். அன்று இரவும் இதே டார்ச்சோடு பார்க்க வேண்டும்.